காகிதத்தில் பதினாறு

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் நலம். உன் கண்வலி எப்படி இருக்கிறது? மாமாவின் முதுகுவலி? டாக்டரைப் பார்த்துவிட்டோம் என்று இரண்டு பேரும் பொய் சொல்லாமல் பதில் எழுதவும்.

விடுதியில் எல்லார் போனையும் வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். ஆட்டக்காரன் கையில் பந்துதான் இருக்க வேண்டும் என்பது பயிற்சி மாஸ்டரின் சட்டம். மாதம் ஒரு கடிதம் வீட்டுக்கு எழுதாதவனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது என்பதும் அவர் சட்டம்தான். அதனால் பாசம் பொங்கி எழுதுகிறேன் என்று நினைத்து ஏமாந்துவிடாதே.

இத்துடன் ஒரு செய்தித்தாள் துண்டு வைத்திருக்கிறேன். படத்தில் கொட்டாவி விடுகிற மாதிரி இருப்பது நான்தான். போன மாதக் கூடைப்பந்து இறுதி ஆட்டத்தில் முப்பத்தொரு புள்ளி எடுத்தேன். 'பதினாறில் இப்படி, இருபதில் எப்படி?' என்று தலைப்பு போட்டிருக்கிறார்கள். இன்னும் அரைச் சாண் வளர்ந்தால் இந்தப் பையன் சூப்பர் ஸ்டார் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறது. அன்றிலிருந்து அறையில் ஒருவனும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "சூப்பர் ஸ்டாரே, அந்த வாளியைக் கொஞ்சம் நகர்த்தி வைடா" என்கிறார்கள்.

பந்துகள் வைக்கும் அறைக் கதவில் மாஸ்டர் மாதாமாதம் ஒன்றாம் தேதி எங்கள் உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டு வைக்கிறார். எனக்கு நூற்று எண்பத்தெட்டு சென்டிமீட்டர். இருபது வயதுக்குள் இருநூறைத் தொடுவேன் என்பது அவர் கணக்கு. இருநூறு உயரத்தில் இப்படிப் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுகிறவன் இதுவரை இங்கே யாரும் இல்லையாம்.

டிசம்பரில் பெரிய தேர்வு முகாம் வருகிறது. வெளிநாட்டு கிளப் ஒன்றிலிருந்து ஆள் வருகிறார். பதினேழு வயதுக்குட்பட்டவர்களில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அதற்கு என் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். தேடி அனுப்பு. இரண்டு டிராக் பேண்ட்டும் தைத்து அனுப்பு.

மாமாவுக்கு வணக்கம்.

உன் தம்பி

*

ஜூன் 27

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். டாக்டரைப் பார்க்கவில்லை, போதுமா? உண்மை கேட்டாய், சொல்லிவிட்டேன்.

செய்தித்தாள் துண்டை உன் மாமா கிடங்குக்கு எடுத்துக்கொண்டு போய், சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற பதினோரு பேருக்கும் காட்டிவிட்டு எண்ணெய்க் கறையோடு கொண்டுவந்தார். நான் அதைத் துடைத்து என் மெஷினுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். மருத்துவமனைச் சீருடை இந்த வாரம் எண்ணூறு உருப்படி. தலை நிமிரவே நேரமில்லை. ஆனாலும் பக்கத்து மெஷின்காரி எழுந்து போகும்போதெல்லாம் "உன் தம்பி வாயை மூடிட்டானா பாரு" என்று கேட்டுவிட்டுப் போகிறாள்.

பெருமையாக இருக்கிறது, தம்பி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த அரைச் சாண் வளராவிட்டால் என்ன ஆகும்? நீ இப்போது ஆடுகிற ஆட்டம் ஆட்டம் இல்லையா? மாஸ்டரிடம் கேட்டு எழுது.

பேண்ட் இரண்டும் இத்துடன் வருகின்றன. சூப்பர் ஸ்டார் தன் துணியைத் தானே துவைக்கக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஞாபகம் இருக்கட்டும்.

சான்றிதழை அலமாரியில் குடைந்து பார்க்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

ஜூலை 21

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். பேண்ட் கிடைத்தது. அளவு அச்சு மாதிரி இருக்கிறது. அதுதான் எனக்குப் புரியவில்லை.

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நீ எனக்குத் தைத்த எதிலும் கீழ் மடிப்பில் நான்கு விரல் துணி விட்டிருப்பாய். "வளர்ற பிள்ளைக்கு மடிப்புல துணி விடணும்" என்று கடைக்காரரிடம்கூடச் சண்டை போட்டிருக்கிறாய். இந்தத் தடவை பிரித்துப் பார்த்தேன். அரை விரல்கூட இல்லை. துணி பற்றாமல் போய்விட்டதா?

நீ கேட்டதை மாஸ்டரிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "வளராட்டி நல்ல ஆட்டக்காரன். வளர்ந்தா சூப்பர் ஸ்டார். நல்ல ஆட்டக்காரனைக் கூட்டிட்டுப் போக யாரும் விமானம் ஏறி வரமாட்டாங்க" என்றார். இந்த மாதமும் நூற்று எண்பத்தெட்டுதான். பையன்கள் இப்படித்தான் கொஞ்சம் நின்று பிறகு சட்டென்று உயருவார்கள் என்கிறார். பால் ஒரு டம்ளர் கூடுதலாகத் தருகிறார்கள். கம்பியில் தொங்கச் சொல்கிறார்கள். காலையில் இருபது நிமிடம் உலர்த்தப்போட்ட சட்டை மாதிரி தொங்குகிறேன்.

சான்றிதழ் கிடைத்ததா?

உன் தம்பி

*

ஆகஸ்ட் 16

தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன் சுகம் எழுது. துணி பற்றவில்லை, அவ்வளவுதான். வேலை அதிகம். கடிதம் தாமதமானதற்குக் கோபிக்காதே. உன் மாமாவுக்கு வேலை நேரம் மாறியிருக்கிறது. மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. நீ நனையாதே.

அக்கா

*

செப்டம்பர் 7

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் ஆறு வரி இருந்தது. நீ கோபத்தில் எழுதினால்கூட இரண்டு பக்கம் திட்டுவாய். உடம்புக்கு ஒன்றுமில்லையே?

இங்கே ஒரு விஷயம் நடந்தது. என் மேல் கட்டிலில் படுக்கிறவனை எல்லாரும் ஒட்டகம் என்போம், கழுத்து அப்படி. நானும் அவனும் ஒரே இடத்தில் ஆடுகிறவர்கள். முகாமுக்கு விடுதியிலிருந்து அந்த இடத்துக்கு ஒருவனைத்தான் அனுப்பலாம். மாஸ்டர் என் பெயரை எழுதிவிட்டார். ஒட்டகம் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதான். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காது என்று நினைத்திருப்பான். கேட்டது.

அவனுக்குப் பதினைந்து முடிந்து நான்கு மாதம். தூரத்திலிருந்து கூடை போடுவதில் என்னைவிடக் கெட்டிக்காரன். ஆனால் நான் தோளால் இடித்துக்கொண்டு போனால் தடுமாறி விழுந்துவிடுகிறான். அது என் திறமையா என்று எனக்குத் தெரியவில்லை.

முகாமில் கடைசி நாள் எல்லாருடைய இடது மணிக்கட்டையும் எக்ஸ்ரே எடுப்பார்களாம். எலும்பைப் பார்த்தால் வயது தெரியுமாம். "காகிதம் என்ன வேணா சொல்லும், எலும்புக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்று பெரிய பையன்களில் ஒருவன் சொன்னான்.

இந்த மாதமும் நூற்று எண்பத்தெட்டு. மாஸ்டர் பழைய கோட்டின் மேலேயே இன்னொரு கோடு போட்டார்.

மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன். சான்றிதழ் கிடைத்ததா?

உன் தம்பி

*

செப்டம்பர் 22

மதிப்பிற்குரிய மாஸ்டர் அவர்களுக்கு,

வணக்கம். உங்களிடம் ஆடுகிறவனின் அக்கா எழுதுவது. மூன்று வருடத்துக்கு முன் அவனைச் சேர்க்க வந்தபோது பார்த்தீர்கள். எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது. நேராகவே சொல்லிவிடுகிறேன்.

என் தம்பிக்குப் பதினாறு இல்லை. பதினெட்டு முடிந்து மூன்று மாதம் ஆகிறது.

அவன் வீட்டில் பிறந்தவன். யாரும் பதிவு செய்யவில்லை. அவனுக்கு ஐந்து வயதாகும்போது எங்கள் அம்மா படுத்த படுக்கையானாள். அப்பா அதற்கு முன்பே இல்லை. நான் தையல் கூடத்துக்குப் போனால்தான் அடுப்பு எரியும். பகலில் அம்மாவுக்குத் தண்ணீர் கொடுக்க ஆள் வேண்டும். இரண்டு வருடம் அந்தப் பிள்ளைதான் கொடுத்தான். அம்மா போன பிறகு அவன் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனேன். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. ஏழு வயதுப் பிள்ளைக்கு ஒன்றாம் வகுப்பில் இடமில்லை, ஊரின் அந்தக் கோடியில் வேறொரு பள்ளி இருக்கிறது, அங்கே போ என்று எனக்கு முன்னால் நின்ற ஒரு தாயிடம் எழுத்தர் சொல்லிக்கொண்டிருந்தார். அவ்வளவு தூரம் அவனை யார் கொண்டுபோய் விடுவது? என் முறை வந்ததும் ஐந்து என்று சொன்னேன். சோறில்லாமல் வளர்ந்த பிள்ளை. பார்க்கவும் ஐந்து மாதிரிதான் இருந்தான். அந்த வயதை வைத்தே பிறகு பிறப்பைப் பதிவு செய்து சான்றிதழ் வாங்கினேன். அது என் பீரோவில்தான் இருக்கிறது. தொலையவில்லை.

அவன் பந்து விளையாடுவான் என்று அன்றைக்கு எனக்கு எப்படித் தெரியும்? நீங்கள் அவன் உயரத்துக்குக் கோடு போட்டுக் காத்திருக்கிறீர்கள். நான் அளவெடுக்கிறவள். போன விடுமுறையில் அவன் காலை அளந்தேன். அதற்கு முந்தைய வருடம் இருந்த அளவேதான். இந்தத் தடவை பேண்ட் தைக்கும்போது மடிப்பில் துணி விட மறந்துவிட்டேன். என் கைக்கு முதலில் தெரிந்துவிட்டது.

அவனுக்கு இது தெரியாது. தப்பு முழுக்க என்னுடையது. அவன் பெயர் கெடாமல் அந்தப் பட்டியலிலிருந்து அவனை எடுத்துவிட ஒரு வழி சொல்லுங்கள். உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அவன் அக்கா

*

அக்டோபர் 30

சகோதரி அவர்களுக்கு,

வணக்கம். நலம் விழைகிறேன்.

உங்கள் கடிதம் எனக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அதை மேலிடத்துக்கு அனுப்ப வேண்டிய கடமை எனக்கு இருந்திருக்கும். ஆகவே கிடைக்கவில்லை. இதைப் படித்ததும் கிழித்துவிடுங்கள்.

இருபத்தெட்டு வருடமாகப் பயிற்சி கொடுக்கிறேன். இரும்பைப் பொன்னென்று சொல்லி விற்றவன் இல்லை. நல்ல பையன்கள் வந்தார்கள், போனார்கள், இன்று எங்கோ அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். இவன் ஒருவன்தான் பந்தை வாங்கும் முன்பே அடுத்த ஆள் எங்கே நிற்பான் என்று பார்க்கிறவன். அடுத்த வருடம் எனக்கு ஓய்வு. இப்படி ஒருவன் இனி என் கைக்கு வரமாட்டான்.

மணிக்கட்டு எக்ஸ்ரேயில் ஒன்றரை வருடம் முன்னே பின்னே போவது சகஜம். சிலருக்கு எலும்பு சீக்கிரம் முற்றும். அதை எப்படி எடுத்துச் சொல்வது என்று அறிந்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். பதினேழு வயதுக்குட்பட்டவர்கள் என்று வரிசையில் நிற்கிற பையன்களில் எத்தனை பேர் உண்மையில் அப்படி என்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

நீங்கள் வாயைத் திறந்தால் நஷ்டம் உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. அவனுக்கு. சான்றிதழை மட்டும் அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
பயிற்சியாளர்

*

நவம்பர் 17

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைத் தனியாக உட்கார்ந்து படி.

உனக்குப் பதினெட்டு வயது. பதினாறு என்பது நான் சொன்ன பொய்.

பள்ளிக்கூடத்தில் இடம் வேண்டும் என்பதற்காகச் சொன்னேன். சொல்லும்போது ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் உனக்குச் சீருடை வெட்ட உட்கார்ந்துவிட்டேன், அவ்வளவு சந்தோஷம். பிறகு ஒவ்வொரு வருடமும் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். படிப்பு முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். பிறகு பந்து வந்தது. பதினான்கு வயதுப் போட்டியில் கோப்பை வாங்கினாய். உனக்கு அப்போது பதினாறு. நான் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன். மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு கைதட்டுவது எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை.

உன் மாஸ்டருக்கும் எழுதினேன். அவர் என்ன பதில் சொன்னார் என்பதை உனக்குச் சொல்லமாட்டேன். அவர் கெட்டவர் இல்லை. உன்மேல் ஆசை வைத்துவிட்டார். எனக்கும் அதே வியாதிதான், அதனால் அவரைத் திட்ட எனக்கு வாயில்லை.

சான்றிதழ் உள்ளே இருக்கிறது. அதைக் கொடுப்பதும் கிழிப்பதும் உன் இஷ்டம். முடிவைத் தம்பி தலையில் போட்டுவிட்டுத் தப்பிக்கிறாள் என்று நினைக்காதே. பத்தொன்பது வயதில் உன் வயதை உன்னைக் கேட்காமல் நான் முடிவு செய்தேன். இன்னொரு தடவை அப்படிச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. நீ என்ன செய்தாலும், பொய் சொன்னது நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவேன்.

நான் சூப்பர் ஸ்டார் ஆவேனா என்று நீ என்னிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ஊரெல்லாம் பேசுகிறது, நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரியாது. உன்னைவிட இரண்டு வயது சிறிய பிள்ளைகளுக்கு நடுவில் அல்லவா உன்னை ஆட விட்டேன்? உன் உண்மையான உயரம் என்ன என்று நானும் பார்த்ததில்லை.

என்னைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

அக்கா

*

டிசம்பர் 12

தம்பி,

முகாம் முடிந்து ஆறு நாள் ஆகிறது. கிணற்றில் போட்ட கல் மாதிரி இருக்கிறாய். விடுதிக்குப் போன் செய்தால் 'வெளியில் போயிருக்கிறான்' என்கிறார்கள். உன் மாமா நாளைக்குக் கிளம்பி வரட்டுமா என்று கேட்கிறார். ஒரே ஒரு வரி எழுது. நன்றாக இருக்கிறேன் என்று பொய்யாவது எழுது.

அக்கா

*

டிசம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். பொய் இல்லை. முகாம் முடிந்து இரண்டு வாரம் காத்திருக்க வைத்ததற்கு மன்னித்துவிடு. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

உன் கடிதம் முகாமுக்கு முந்தின வாரம் கையில் கிடைத்தது. அதையும் சான்றிதழையும் யாரிடமும் கொடுக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். முதல் நாளும் இரண்டாம் நாளும் ஆட்டம். நான் ஆடியதிலேயே அதுதான் நல்ல ஆட்டம், அக்கா. இரண்டு நாளில் ஐம்பத்திரண்டு புள்ளி. இரண்டாம் நாள் சாயங்காலம் வெளிநாட்டு கிளப் ஆள் கோர்ட்டுக்குள் இறங்கி வந்து என் தோளைத் தொட்டார். மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு பெண் கூட இருந்தாள். "பத்து வருஷத்துல இப்படி ஒரு பதினாறு வயசுப் பையனை நான் பார்த்ததில்லைன்னு சொல்றார். நீ சூப்பர் ஸ்டாராம்" என்றாள். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் எக்ஸ்ரே. குறுகலான ஒரு அறை, சுவரில் பச்சை வண்ணம் பாதி வரை. "இடது கையை விரிச்சு இதுல வை, அசையாதே" என்றார் எக்ஸ்ரே எடுப்பவர். வைத்தேன். எனக்கு முன்னால் கை வைத்தவனின் வேர்வை அந்தத் தட்டில் இன்னும் இருந்தது. கையை எடுத்துவிட்டேன். வெளியே வந்து நேராக அந்த ஆளிடம் போனேன். "எனக்குப் பதினெட்டு" என்றேன். அந்தப் பெண் மொழிபெயர்க்கவில்லை. என்னையே பார்த்தாள். இரண்டாவது தடவை சொன்ன பிறகுதான் சொன்னாள்.

அவர் கோபப்படவில்லை. நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். என் பெயருக்கு எதிரே இருந்த எண்ணை அடித்துவிட்டுப் புதிய எண்ணை எழுதினார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு ஏதோ சொன்னார். "பதினெட்டுக்கு நல்ல ஆட்டம்தான்னு சொல்றார்" என்றாள் அந்தப் பெண். அதே ஐம்பத்திரண்டு புள்ளிதான், அக்கா. அதே பாஸ், அதே கை. முந்தின நாள் சூப்பர் ஸ்டார், மறுநாள் நல்ல ஆட்டம். அவர் கை கொடுத்துவிட்டு அடுத்த பையனைப் பார்க்கப் போய்விட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாஸ்டர் என் பக்கத்தில் உட்காரவில்லை. பாதி வழியில் எழுந்து வந்து, "ஏன்டா சொன்னே? நானும் உங்க அக்காவும் வாயை மூடிட்டுத்தானே இருந்தோம்?" என்றார். அவர் அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு ஆறு மாதம் ஆடத் தடை. விடுதியை இந்த மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும். நாங்கள் வாங்கின இரண்டு கோப்பைகளைத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். பையன்கள் என்னோடு பேசுவதில்லை. ஒட்டகம் மட்டும் ஒரு வார்த்தை கேட்டான். "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

அவனிடம் பொய் சொல்ல முடியவில்லை. உன்னிடமும் முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம் எழுத இத்தனை நாள் ஆயிற்று.

தெரியும், அக்கா. அன்றைக்கே தெரியும். அம்மா படுத்திருந்த இடத்திலிருந்தே எனக்கு எண்ணச் சொல்லிக் கொடுத்தாள். என் ஒரு கை விரல்களையும் இன்னொரு கையில் இரண்டு விரலையும் விரித்துப் பிடித்து, "இதான் நீ" என்றாள். அடுத்த மாதம் போய்விட்டாள். பள்ளிக்கூடத்தில் நீ ஐந்து என்று சொன்னபோது நான் உன் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏழு என்று சொல்ல வாயைத் திறந்தேன். உன் முகத்தைப் பார்த்தேன். மூடிக்கொண்டேன். இரண்டு வருடம் கழித்து வீட்டை விட்டு வெளியே போகிறேன், அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கென்ன பைத்தியமா?

பிறகு நான் தப்பாக எண்ணியிருப்பேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கோப்பை வாங்க வாங்க அதை நம்புவது சுலபமாக இருந்தது. உயரம் நின்ற பிறகு முடியவில்லை. மூன்று தடவை சான்றிதழ் கேட்டேனே, எனக்கு அந்தக் காகிதம் வேண்டியிருக்கவில்லை. அதன் நகல் விடுதி அலமாரியிலேயே இருக்கிறது, அசல் தேவைப்பட்டால் மாஸ்டரே உன்னிடம் கேட்டிருப்பார். நீ சொல்வாயா என்று பார்த்தேன். நீ சொன்னால் நானும் சொல்லலாம் என்றிருந்தேன். உன்னைக் காட்டிக்கொடுக்காமல் என்னால் வாயைத் திறக்க முடியாதே.

பதினோரு வருடம் நீ எனக்காக வாயை மூடினாய், நான் உனக்காக மூடினேன். நடுவில் ஒட்டகத்தின் இடத்தில் நான் நின்றேன். தப்பு முழுக்க உன்னுடையது என்று எழுதியிருக்கிறாயே, அதில் பாதி எனக்கு வேண்டும்.

முப்பத்தொன்றாம் தேதி வருகிறேன். ஸ்டேஷனுக்கு மாமாவை வரச் சொல். நீ வராதே, நீ வந்தால் நான் அழுதுவிடுவேன்.

உன் தம்பி

*

ஆகஸ்ட் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் புதிய கண்ணாடி பொருந்திவிட்டதா? மாமா தினமும் முதுகுக்கு எண்ணெய் போட்டுக்கொள்கிறாரா?

சரக்குப் போக்குவரத்து கம்பெனியில் வேலை பழகிவிட்டது. காலையில் எட்டு மணியிலிருந்து பெட்டிகளை எண்ணிக் லாரி நிற்கும் கதவு கதவாகப் பிரித்து விடுவேன். நாலரைக்கு மேல் கம்பெனி அணியோடு பயிற்சி. தடை முடிந்த பிறகு போன வாரம்தான் முதல் ஆட்டம் ஆடினேன்.

முதல் மூன்று பகுதியும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஆறு நிமிடம் இறக்கினார்கள். எனக்கு எதிரே நின்றவருக்கு முப்பத்துமூன்று வயது, இரண்டு பிள்ளைகளின் அப்பா, முழங்காலில் பட்டை. தோளால் இடித்துக்கொண்டு போய்விடலாம் என்று பழைய நினைப்பில் போனேன். அவர் அசையவில்லை. நான்தான் கீழே கிடந்தேன். கை கொடுத்துத் தூக்கிவிட்டு, "எத்தனை வயசு தம்பி?" என்று கேட்டார். "பத்தொன்பது" என்றேன். இவ்வளவு சுலபமான வார்த்தையா அது என்று ஆச்சரியமாக இருந்தது. "அப்ப கத்துக்க நேரம் இருக்கு" என்று சொல்லிவிட்டு ஓடினார். அடுத்த பந்தை அவரைச் சுற்றிக்கொண்டு போய்ப் போட்டேன். மொத்தம் நான்கு புள்ளி. தோற்றுவிட்டோம்.

ஒட்டகம் இன்னும் என்னோடு பேசவில்லை. இரண்டு கடிதம் எழுதினேன், பதில் இல்லை. அது அவன் உரிமை. மாஸ்டர் ஓய்வு பெற்றுவிட்டார். ஆட்டம் நடந்த அன்று கடைசி வரிசையில் அவர் மாதிரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர்தானா என்று பார்ப்பதற்குள் எழுந்து போய்விட்டார்.

என்னால் சூப்பர் ஸ்டார் ஆக முடியுமா என்று உன்னிடம் நான் கேட்டதே இல்லை என்று எழுதியிருந்தாய். ஏன் கேட்கவில்லை என்று இப்போது சொல்கிறேன். ஊரே ஆவேன் என்று சொன்னது. அது பொய் என்று எனக்கு உள்ளுக்குள் தெரியும். தெரிந்துகொண்டே அத்தனை வருடம் ஆடினேன். இப்போது யாரும் ஒன்றும் சொல்வதில்லை. முடியுமா முடியாதா என்று எனக்கும் தெரியவில்லை. தெரியாமல் ஆடுவது பயமாக இருக்கிறது, அக்கா. ஆனால் கீழே விழுந்து எழுந்தபோது வலித்தது என் முழங்கால், வேறு யாருடையதும் இல்லை என்று இருந்தது.

அடுத்த ஆட்டம் இருபத்தெட்டாம் தேதி, மாலை ஐந்து மணி. நீயும் மாமாவும் வாருங்கள். முதல் வரிசையில் இடம் கிடைக்கும், கூட்டமே வராது. நான் பெஞ்சில் வலது பக்கக் கடைசியில் உட்கார்ந்திருப்பேன்.

உன் தம்பி